கே.கே. நகரில் 12 நாள்: நவீன ஓவியத்தைக் கணினியில் கற்பிக்கும் ஒரு கோடை வகுப்பு

சென்ற மே மாதம், அக்கினி நட்சத்திர வெயில் உச்சத்தில் இருந்த நாள்களில், மதுரை கே.கே. நகரிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய 12 நாள் வகுப்பில், எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தியைச் சேர்த்தேன். நவீன ஓவிய இயக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அந்தந்த இயக்கத்தின் முறையில் மாணவர்களைக் கணினியில் ஒரு படைப்பைச் செய்ய வைப்பதுதான் வகுப்பின் திட்டம். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, ‘பொத்தானை அழுத்தினால் படம்’ என்ற வகையான வகுப்புகளின் மேல் நல்லெண்ணம் கிடையாது. ஆனாலும் பேத்தி விடவில்லை. வில்லாபுரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்காக வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது இந்த வயதில் ஆகாது என்று சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டேன். முகம் சுளிக்காமல் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஆகவே இங்கே எழுதியிருப்பவை அனைத்தும் ஒரு நாள் விடாமல் நேரில் பார்த்தவை.

கட்டணம் 3,500 ரூபாய். காலை 10 மணி முதல் 12 மணி வரை வகுப்பு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான 16 பிள்ளைகளுக்குக் கணினிகள் பத்துதான் இருந்தன. பேனாவால் வரையும் டேப்லெட்டுகளும் பத்துதான். சேர்க்கையின்போது இதைச் சொல்லவில்லை. ஆறு பிள்ளைகள் எப்போதும் பக்கத்து இருக்கைக்காரர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். இரண்டு மணி நேர வகுப்பு அவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கியது. மையத்தின் நல்ல முடிவு என்று நான் கருதுவது மென்பொருள் தேர்வு. விலை கொடுத்து வாங்க வேண்டிய எதையும் பயன்படுத்தாமல், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கிரிட்டா என்ற திறமூல ஓவிய மென்பொருளிலேயே படம் வரையும் வேலை எல்லாவற்றையும் நடத்தினார்கள். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் கிரிட்டா திணறித் திணறித்தான் ஓடியது, ஆனால் ஓடியது. வகுப்பில் தொடங்கியதை வீட்டில் தொடர முடிந்ததற்கு அதுவே காரணம்.

முதல் இரண்டு நாள்கள் இம்ப்ரெஷனிசத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. 1874-இல் பாரீசில் நாடார் என்ற புகைப்படக் கலைஞரின் கூடத்தில் முப்பது ஓவியர்கள் சேர்ந்து தனியே கண்காட்சி வைத்ததையும், அங்கே மாட்டப்பட்டிருந்த மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் கிண்டலாக எழுதியதே இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டதையும் ஆசிரியை சுருக்கமாகச் சொன்னார். (நாடார் என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அது அந்தப் பிரெஞ்சுக்காரர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்.) பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தைக் கோட்டோவியமாக ஓர் அடுக்கில் வரையச் சொல்லி, அதே கோட்டின் கீழ்க் காலை, உச்சிவேளை, அந்தி என மூன்று நிற அடுக்குகளைத் தனித்தனியே அமைக்கச் சொன்னார். மோனே ஒரே வைக்கோற்போரையும் ஒரே தேவாலய முகப்பையும் வெவ்வேறு வெளிச்சங்களில் திரும்பத் திரும்ப வரைந்ததைப் புரியவைக்க, கணினியின் அடுக்கு முறையைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தோன்றவில்லை. ஓர் அடுக்கை மறைத்து இன்னொன்றைத் திறந்தால், கட்டடம் அப்படியே இருக்க, பொழுது மட்டும் மாறிவிடுகிறது.

ஆனால் இங்கேதான் முதல் சறுக்கலும் நேர்ந்தது. ஆசிரியை தெப்பக்குளத்தின் புகைப்படம் ஒன்றைத் திரையில் வைத்துவிட்டார். கிரிட்டாவில் ஒரு விசையை அழுத்திக்கொண்டு படத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடத்தின் நிறம் தூரிகைக்கு வந்துவிடும். இந்த வித்தையை ஒரு பையன் கண்டுபிடித்த மறுநிமிடம் வகுப்பு முழுவதும் புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பூசத் தொடங்கியது. நிழல் என்றால் கறுப்பு என்ற பழக்கத்தை உடைத்து, நிழலுக்குள் நீலமும் ஊதாவும் இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள் அந்த ஓவியர்கள். பிள்ளை தன் கண்ணால் நிறத்தைத் தேட வேண்டிய இடத்தில் கருவி தேடிக் கொடுத்துவிட்டால், அந்தப் பாடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கருவிக்குத் தடை விதிக்கப்பட்டது என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு தடையிலேயே வகுப்பின் தரம் மாறியது கண்கூடாகத் தெரிந்தது.

வகுப்பின் சிறந்த பகுதி அடுத்து வந்த மூன்று நாள்கள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சோராவின் கிராண்ட் ஜாட் தீவு ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தை எடுத்துக்கொண்டார்கள். 1884-இல் தொடங்கி 1886-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஓவியம் ஏறக்குறைய ஏழடி உயரமும் பத்தடி அகலமும் கொண்டது. சிறுசிறு தீற்றல்களாலும் புள்ளிகளாலும் ஆனது. நிறங்களைத் தட்டில் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டுவிடுவது சோராவின் முறை. இதை எப்படி விளக்கப்போகிறார் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை தன் கைப்பேசித் திரையை வெள்ளையாக்கி, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு ஒரு சிறு துளியைத் திரைமேல் வைத்தார். துளி உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் வேலை செய்ய, வெள்ளை என்று நாம் நினைத்த இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனிக் கட்டங்களாகத் தெரிந்தன. 16 பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்த்தார்கள்; பதினேழாவதாக நானும் நின்றேன். முப்பத்தோரு ஆண்டுகள் நிறச்சக்கரம் வரையச் சொல்லிக் கொடுத்த எனக்கு, ஒரு துளித் தண்ணீரில் இதைக் காட்டலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சோராவுக்கு முன்னால் ஒரு வேதியியலாளர் இருந்தார். பாரீசிலுள்ள கோபலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரூல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராயப்போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டறிந்து 1839-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். நவீன ஓவியத்தின் ஒரு கிளை சாயத்தொட்டிப் பக்கத்திலிருந்து முளைத்தது என்பதைச் சாயத்தொழில் நடந்த ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் அது ஒட்டும். ஆசிரியை சொல்லவில்லை, ஆனால் அதைவிட நல்ல ஒன்றைச் செய்தார். தன் வீட்டிலிருந்து பழைய சுங்குடிப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர மக்கள் இங்கே வளர்த்த அந்தக் கலையில், துணியை மடித்துப் புள்ளி குறித்து, குறித்த இடத்தைக் கிள்ளி நூலால் இறுக்கி முடிந்து, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சாலோ திரை அச்சாலோ ஆனது. இதைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், கையால் முடிந்த துணியில் புள்ளி லேசாகக் குமிழ்ந்திருக்கும் என்று ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் புடவை முழுவதையும் தடவித் தீர்த்துவிட்டார்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சோராவின் புள்ளியும் சுங்குடியின் புள்ளியும் ஒன்றே என்பதுபோல அவர் பேசிவிட்டார். இரண்டும் நேர் எதிரானவை. சோரா நிறத்தைக் கொண்டுபோய் வைக்கிறார். சுங்குடிக்காரர் நிறம் வராமல் ஓர் இடத்தைக் காக்கிறார். இடைவேளையில் இதை நான் மெதுவாகச் சொன்னபோது, அந்த இளம் ஆசிரியை கோபித்துக்கொள்ளாமல், “சார், அப்படின்னா ரெண்டையும் செய்ய வெச்சுப் பார்த்துரலாம்” என்றார். மறுநாள் பிள்ளைகள் ஒரே உருவத்தை இரண்டு முறை செய்தார்கள்: வெள்ளைத் தளத்தில் நான்கு நிறப் புள்ளிகளை மட்டும் வைத்து ஒன்று, முழுவதும் அரக்கு நிறம் பூசிய தளத்தில் அழிப்பானால் புள்ளி புள்ளியாக நிறத்தை எடுத்து இன்னொன்று. என் பேத்தி மீனாட்சியம்மன் கையிலிருக்கும் கிளியை எடுத்துக்கொண்டாள். பச்சை நிறத்தைத் தொடவே கூடாது என்பது விதி. மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி வைத்து, எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று பார்த்து, மறுபடி வந்து மஞ்சளைக் கூட்டி, மறுபடி எழுந்து போய், மூன்று நாள் அந்தக் கிளியோடு கிடந்தாள். புள்ளிகளைத் தானாக நிரப்பும் வடிகட்டி (ஃபில்டர்) கிரிட்டாவில் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதை ஆசிரியை சொல்லவே இல்லை என்பதை நான் அவருடைய திறமையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டேப்லெட் பற்றி ஒரு குறை. என் பேத்தி இடக்கைக்காரி. கருவியின் பொத்தான்கள் இடப்பக்கம் இருந்ததால், வரையும்போது அவளுடைய உள்ளங்கை அவற்றை அழுத்திவிட, படம் திடீரென்று சுருங்கும், இல்லையேல் போட்ட கோடு மறைந்துபோகும். இரண்டு நாள் அவள்மேல்தான் குற்றம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அமைப்புக்குள் போய் இடக்கை என்று மாற்றிவிட்டுக் கருவியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்பது மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. இடக்கைப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டச்சு ஓவியர் மோந்திரியான் பற்றிய பாடம் ஒரே நாளில் முடிந்தது. அதிலும் முக்கால் மணி நேரத்திலேயே பாதிப் பிள்ளைகள் முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். கறுப்புக் கோடுகளால் கட்டம் போட்டு, சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கொட்டினால் வேலை தீர்ந்தது என்ற அளவில்தான் அதைக் கற்பித்தார்கள். பள்ளி ஆண்டு விழா அலங்காரம் போலிருந்த 16 படங்களில் எது யாருடையது என்று பெற்றோருக்கே தெரிந்திருக்காது. மோந்திரியான் 1908 வாக்கில் ஒரு மரத்தை மரமாகவே வரைந்தார். 1911, 1912 என்று போகப்போக அதே மரம் கிளைகளின் வளைவுகளாகி, வளைவுகள் கோடுகளாகி, கடைசியில் கட்டங்களாயிற்று. அந்தப் பயணத்தைத் தெருமுனை வேப்பமரத்தை வைத்து ஆறு படிகளில் செய்யச் சொல்லியிருந்தால், அடுக்கு அடுக்காகச் சேமிக்கும் கணினிக்கும் அங்கே உண்மையான வேலை இருந்திருக்கும். தவிர, மோந்திரியானின் வெள்ளைகள் ஒரே வெள்ளை அல்ல. அவருடைய சில கோடுகள் விளிம்பைத் தொடுமுன் நின்றுவிடும். திரையில் ஊற்றிய நிறத்துக்கு அந்த உயிர் வருவதில்லை.

ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே படத்தில் காட்டும் கியூபிசத்துக்காகப் பிள்ளைகளைக் காலை 9 மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப்போனார்கள். ஒரே தூணை நின்றும் குந்தியும் பக்கவாட்டிலும் அண்ணாந்தும் இருபது படம் எடுத்து, கணினியில் துண்டுகளாக வெட்டி, எல்லாப் பக்கங்களும் ஒரே தளத்தில் தெரியும்படி அடுக்க வேண்டும் என்பது பணி. முதல் முயற்சி கந்தல் துணி ஒட்டுப்போட்டது போலிருந்தது. காரணம் நிறம். ஒரு துண்டில் வெயில் மஞ்சள், இன்னொன்றில் நிழல் நீலம், மற்றொன்றில் யாரோ ஒரு சுற்றுலாப் பயணியின் சிவப்புச் சட்டை. கியூபிசத்தைத் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் 1910, 1911-இல் பழுப்பும் சாம்பலும் தவிர மற்ற நிறங்களை ஏறக்குறைய ஒதுக்கிவைத்து வேலை செய்ததன் பொருள் இப்படிக் கையைச் சுட்டுக்கொண்டால்தான் விளங்கும். ஆசிரியை படம் முழுவதையும் சாம்பலாக மாற்றச் சொன்னதும் தூண்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. குறிப்பாக ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் படத்தில் தூணும் வளைவும் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப்போய், மகாலுக்குள் நிற்கும்போது தலை சுற்றுமே, அந்த உணர்வு அப்படியே இருந்தது. பிரிட்டன் ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-இல் உடனடிப் புகைப்படங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டி இதே சோதனையைச் செய்திருக்கிறார். அவருடைய ஒரு படத்தையாவது காட்டியிருக்கலாம்.

கடைச்சரக்கு, விளம்பரம் போன்ற அன்றாடப் பொருள்களை ஓவியமாக்கிய பாப் ஆர்ட் பகுதி ஏமாற்றம் தந்தது என்றுதான் முதலில் எழுத நினைத்திருந்தேன். தத்தம் படத்தை ஏற்றி, நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வடிகட்டியை ஓட்டி, நான்கு கட்டங்களில் நான்கு நிறமாக வைத்தார்கள். கைப்பேசிச் செயலிகள் பத்து நொடியில் செய்யும் வேலை. அந்த இயக்கத்தின் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962-இல் காட்சிக்கு வைத்த 32 சூப் டின்களை அச்சில் எடுத்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவை கையால் வரைந்தவை. பட்டுத்திரை அச்சுக்கு அவர் அதே ஆண்டில் சற்றுப் பின்னர்தான் போனார். அச்சுக்குப் போன பிறகும், அவர் அச்சிட்ட முகங்களில் உதட்டின் சிவப்பு உதட்டைவிட்டு அரை விரற்கடை நகர்ந்து விழுவதைத் திருத்தாமல் விட்டதில்தான் அவருடைய குறும்பு இருந்தது. வடிகட்டியோ எதையும் நகர்த்துவதில்லை.

மறுநாள் நான் வீட்டிலிருந்து ஒரு சிவகாசிக் காலண்டர் தாளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொண்டுபோனேன். இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம். முருகன் முகத்தின் மேல் கண்ணாடியை வைத்ததும், திரையில் பார்த்த சிவப்பு, பச்சை, நீலத்துக்குப் பதிலாக இளநீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கோவில்பட்டி கொண்டையராஜு போன்றவர்கள் கையால் தீட்டிய தெய்வப் படங்கள், இந்தப் புள்ளிகளாகச் சிதறித்தான் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் என்ற பாப் ஆர்ட் ஓவியர் இதே அச்சுப் புள்ளியை எடுத்து, துளையிட்ட தகடு வைத்து, கையால் பெரிது பெரிதாக வரைந்தார். இயந்திரம் செய்ததைக் கை செய்துகாட்டிய கதை அது. ஆசிரியை உடனே திட்டத்தை மாற்றினார். வடிகட்டியைக் கைவிட்டு, ஆளுக்கொரு கடைச்சரக்கை எடுத்துக்கொண்டு, நிறத்துக்கு ஓர் அடுக்காக நான்கு அடுக்குகளைக் கையால் வெட்டி, ஒரு நிற அடுக்கை மட்டும் வேண்டுமென்றே சற்று நகர்த்தி வைக்கச் சொன்னார். பெருங்காய டப்பா, தீப்பெட்டி, சீயக்காய்ப் பாக்கெட், சோடாப் புட்டி என்று வந்தவை, முந்தின நாள் வந்த முகங்களைவிடப் பல மடங்கு மேல். எவ்வளவு நகர்த்துவது, எந்த நிறத்தை நகர்த்துவது என்பதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருத்து இருந்தது.

கடைசி மூன்று நாள்கள் நிரல் எழுதிப் படம் வரைவது. எனக்கு அறவே தெரியாத துறை. ஆகையால் மாணவனாகவே உட்கார்ந்திருந்தேன். ஹங்கேரியில் பிறந்து பாரீசில் வாழ்ந்து 2023-இல் மறைந்த வேரா மோல்னார், கணினி கைக்குக் கிடைப்பதற்கு முன்பே விதிகளை எழுதிவைத்து அவற்றைக் கையாலேயே பின்பற்றிக் கோடு போட்டவர் என்பதும், 1968-இலிருந்து கணினியைக் கொண்டு அதையே செய்தவர் என்பதும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ‘ஆமை’ என்ற கருவி பைத்தான் என்ற நிரல்மொழியோடு வருகிறது. முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று கட்டளையிட்டால் திரையில் கோடு இழுத்துக்கொண்டே போகும். முதல் பணி கோலப் புள்ளி: 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை.

விளக்கத்துக்கு முன்பே, வீட்டு வாசலில் கோலம் போட்டுப் பழகிய பெண் பிள்ளைகள் நால்வர் தாளில் போட்டுவிட்டார்கள். நடுவரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். கூட்டினால் 169 புள்ளி. அதையே கணினிக்குச் சொல்லும்போது, ஒவ்வொரு வரிசையும் அரைப் புள்ளி தள்ளித் தொடங்க வேண்டும், வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைய வேண்டும் என்று, கை தானாகச் செய்துவந்ததை வார்த்தையாக்க வேண்டியிருந்தது. அந்தத் திணறல்தான் பாடம். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே கோலத்தைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள் என்பதை ஆசிரியை மறக்காமல் சொன்னார். ஓவிய வகுப்பில் அந்தப் பெயர் ஒலித்தது எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு மோல்னாரின் வழியில், ஒவ்வொரு கோடும் தன் திசையிலிருந்து சிறிது தவறும்படி ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். எண் பூச்சியம் என்றால் கோலம் அச்சடித்தது போலிருக்கும். நாற்பது என்றால் கோழி கிளறிய வாசல். இடையில் எந்த எண் என்பதைப் பிள்ளைகளே தேடினார்கள். என் பேத்தி இரண்டில் நிறுத்திவிட்டு, “தாத்தா, இதுதான் அப்பத்தா போடுற கோலம்” என்றாள். உண்மைதான். என் மனைவிக்கு மூன்றாண்டுகளாகக் கை லேசாக நடுங்குகிறது.

இத்தனை இருந்தும் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. பாரீசும் நியூயார்க்கும் வந்த வகுப்பில் சென்னை வரவில்லை. 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெயர்கூட 12 நாளில் உச்சரிக்கப்படவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1963-இலிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்கு வாய்பாடும் படிக்க முடியாத எழுத்துகளும் ஓவியமாகின்றன. அவர் முன்னின்று 1966-இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் இன்றும் இருக்கிறது. அடுக்கு அடுக்காக எழுத்தைப் பதிக்கும் கணினிக்கு அந்த ஓவியங்களைவிட இசைவான பாடம் கிடைக்காது. மாங்குளம் குன்றின் பாறையில் வெட்டிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளும் பிள்ளைகளின் சொந்த ஜாதகக் கட்டமும் சேர்ந்தால் ஒரு நல்ல படைப்பு உருவாகியிருக்கும். காந்தியைக் கோடுகளால் வரைந்து தீராத ஆதிமூலத்தை எடுத்துக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வந்திருக்கலாம். இதை நிறைவு நாளில் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார்கள்.

நிறைவு நாளுக்கான அச்சுப் பிரதியில்தான் பெரிய மனத்தாங்கல். கட்டணத்துக்கு மேல் 250 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் ஒரு படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு மாட்டினார்கள். திரையில் தளிர்போல மின்னிய கிளி, தாளில் வாடிய கறிவேப்பிலை நிறத்தில் வந்து நின்றது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் தெரியும் பளீர்ப் பச்சையை நான்கு மை அச்சால் எட்ட முடியாது. இது தெரிந்த சங்கதி. அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே திரையில் பார்த்துக்கொள்ளும் வசதி கிரிட்டாவிலேயே உண்டு. அதைக் காட்டி, மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் மூன்று நாள் உழைப்பு இப்படி மங்கியிருக்காது. அழுகை வரும்போல நின்ற பிள்ளையிடம் “அச்சுன்னா அப்படித்தான்மா வரும்” என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றபடி, குளிர்சாதனம் வேலை செய்தது, குடிதண்ணீர் இருந்தது, மின்சாரம் இரண்டு முறை போனபோது ஒரு மணித்துளிக்குள் மாற்று மின்சாரம் வந்தது, ஆனால் சேமிக்காதவர்களின் வேலை போனது போனதுதான். கூட்டி அழைத்துவரும் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடையாது; என்னைப்போல் கேட்டுப் பெற வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு தகும்; ஆறாம் வகுப்பினர் நிரல் எழுதும் நாள்களில் தவித்தார்கள். 3,500 ரூபாய்க்கு, ஆளுக்கொரு கணினி கிடைக்குமானால் தாராளமாகச் சேர்க்கலாம். இருவருக்கு ஒன்று என்றால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதே ஆசிரியைதான் வகுப்பு எடுக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வகுப்பின் மதிப்பில் பெரும்பகுதி அவர்தான்.

இன்னொன்று. வார்ஹால் 1985-இல் அமிகா என்ற கணினியில் வரைந்த படங்கள் நெகிழ்வட்டுகளுக்குள் (ஃப்ளாப்பி) முடங்கிக் கிடந்து, 2014-இல்தான் மீட்டெடுக்கப்பட்டன என்ற கதையைப் பாப் ஆர்ட் நாளில் ஆசிரியை சுவையாகச் சொன்னார். அதே மையம், வகுப்பு முடிந்த பத்தாம் நாள் கணினிகளைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குத் தயார் செய்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு வாட்சப்பில் அனுப்புவது சுருக்கிய படத்தை மட்டுமே, அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பை அல்ல. கிளியின் மூலக் கோப்பைக் கேட்டு ஒன்பதாம் நாள் நான் மறுபடி கே.கே. நகர் போக வேண்டியதாயிற்று. முதல் நாளே ஒரு பென் டிரைவைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்புங்கள்.